தீயின் நடுவில் ஒரு துளை

ஆய்வகங்களில் ஐ.சி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் தூண்டல் பிணைப்புப் பிளாஸ்மா, வேதிப் பகுப்பாய்வுக்காகப் பிறந்ததன்று. 1961இல் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகத்தில் தாமஸ் ரீட் அதனைப் படிகம் வளர்க்கும் உலையாகவே பயன்படுத்தினார். எளிதில் உருகாத பொருள்களின் படிகங்களை வளர்க்க, மின்முனைகளின் மாசு கலவாத சுடர் வேண்டியிருந்தது.

அச்சுடர் குவார்ட்ஸ் குழாயில் பாயும் ஆர்கான் வாயுவில் உண்டாகிறது. குழாயைச் சூழ்ந்த செம்புச் சுருளில் ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம் செலுத்தப்படும். இன்றைய கருவிகள் பலவற்றில் அது 27 மெகாஹெர்ட்ஸ். ஒரு மின்பொறி சில எலக்ட்ரான்களை விடுவிக்க, மாறும் காந்தப்புலம் அவற்றை முடுக்குகிறது. அவை ஆர்கான் அணுக்களை மோதி மேலும் எலக்ட்ரான்களைப் பெயர்க்கின்றன. கணப்பொழுதில் வாயு, 6,000 முதல் 10,000 கெல்வின் வரை வெப்பமுள்ள பிளாஸ்மாவாகிறது. இங்கே எரிபொருளும் இல்லை, எரிதலும் இல்லை. 'சுடர்' என்பது வழக்குச் சொல்லே.

இதில் நுழையும் அணுக்கள் தத்தமக்குரிய அலைநீளங்களில் ஒளிரும். அவ்வொளியைக் கொண்டு தனிமங்களை அளக்கலாம் என்பதை 1964இல் இங்கிலாந்தின் கிரீன்ஃபீல்ட் குழுவினரும், 1965இல் அயோவாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் வென்ட், ஃபாசல் இருவரும் தனித்தனியே வெளியிட்டனர். முதல்வர் யார் என்னும் வழக்கைவிடச் சுடரின் வடிவமே வரலாற்றுக்கு முதன்மையானது. ஃபாசலின் முதற்சுடர் கண்ணீர்த்துளி போன்றது. மாதிரி பெரும்பாலும் அதன் உள்ளே புகாமல் புறத்தே நழுவிச் சென்றது. கிரீன்ஃபீல்டின் சுடரோ உளுந்து வடை போன்றது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் பிளாஸ்மாவின் புற அடுக்கிலேயே ஓடுவதால் நடுப்பகுதி சற்றே குளிர்ந்திருக்கும். மெல்லிய வாயுத்தாரை அங்கே துளையிட்டு மாதிரியை உள்ளே கொண்டுசெல்லும். 1969இல் டிக்கின்சனும் ஃபாசலும் இவ்வடிவத்தைக் கைக்கொண்ட பின்னரே முறை வலுப்பெற்றது.

1980இல் ஹவுக், ஃபாசல், கிரே முதலியோர் ஒளியை விடுத்து, சுடரில் விளையும் அயனிகளையே நுண்துளைவழி வெற்றிடத்துக்குள் ஈர்த்து நிறைவாரியாக எண்ணினர். 1983இல் அத்தகைய நிறைமானி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் கல்கத்தாவில் தோல்நோய் மருத்துவர் கே.சி. சாகா, மேற்கு வங்கத்தின் குழாய்க் கிணற்று நீரில் உள்ள ஆர்செனிக்கால் விளைந்த நோயை அடையாளம் கண்டார்.

கருவியும் தேவையும் ஒருங்கே வந்தும் உடனே கைகூடவில்லை. ஆர்செனிக்கின் நிறை எண் 75. சுடரின் ஆர்கான் 40, நீரில் உள்ள குளோரின் 35. இரண்டும் இணைந்த அயனியின் நிறையும் 75! உவர்நீரில் இல்லாத நஞ்சையும் கருவி எண்ணிவிடும். நுண்ணுணர்வை மட்டுமே போற்றும் கருவி வரலாறுகள் இதனை ஓர் அடிக்குறிப்பாகவே கடந்துவிடுகின்றன. யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தார் வங்கத்துக் கிணறுகளை அளக்க வேறொரு முறையைக் கையாண்டனர்: ஆர்செனிக்கை ஹைட்ரைடு வாயுவாக மாற்றி, குளோரைடை நீரிலேயே விட்டுவிட்டு, அணு உட்கவர்தலால் அளந்தனர்.

பின்னாளில் நிறைமானிக்குள் ஹீலியம் நிரம்பிய மோதல் அறை வந்தது. உருவில் பெரிய ஆர்கான்–குளோரின் அயனி மிகுதியாக மோதி, ஆற்றல் இழந்து பின்தங்கிவிடும். ஆயினும், கிணற்று நீரைப் பாட்டிலில் பிடிக்கும்போது அதில் சேர்ப்பது நைட்ரிக் அமிலமே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் அந்தக் குளோரினை ஆய்வாளரே கொண்டுவந்து சேர்த்தவராவார்.