கூரையில் ஒரு தமிழ்ப் பெயர்



ஆர்ச்வேயில் நிலக்கீழ் ரயில் ஏறி, லெஸ்டர் ஸ்குவேரில் மாறினால் ஹைட் பார்க் கோர்னர். இரு உலகப் போர்களிலும் பிரித்தானியாவுக்காகப் போராடிய, இந்திய உபகண்டம், ஆபிரிக்கா, கரிபியன் பகுதிகளைச் சேர்ந்த 50 இலட்சம் பேருக்கான நினைவு வாயில்கள் அங்கே உள்ளன. 2002இல் எலிசபெத் மகாராணி திறந்துவைத்தவை. பக்கத்து மண்டபத்தின் உட்கூரையில் உயர் வீரப்பதக்கம் பெற்றோரின் பெயர்கள்.

அதில் ஒருவர் செங்கற்பட்டுத் தமிழர், சுபேதார் சுப்பிரமணியன். 1944 பெப்ரவரி 24, இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது ஒன்று வெடிக்கத் தயாரானது. சில வினாடிகளே இருந்தன. அதன்மேல் விழுந்து, தன் உயிரைக் கொடுத்துத் தோழர்களைக் காத்தார். மறைவுக்குப் பின் ஜோர்ஜ் கிரொஸ் வழங்கப்பட்டது.

கணக்காளனான எனக்கு 50 இலட்சம் ஓர் இலக்கம்; ஒரு பெயர்தான் மனிதர். பெயர் பொறிக்க ஒரு கல்கூட இல்லாதவர்கள் எங்கள் குடும்பங்களிலும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிச்சென்று அந்தப் பெயரைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் எங்கள் பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள்.