கடலை நிரப்பி வளரும் மாலே

மாலைதீவின் தலைநகரம் அமைந்துள்ள மாலே தீவின் பரப்பளவு ஏறத்தாழ 2 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். 2022ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் வசிப்போர் 5 இலட்சத்து 15 ஆயிரம் பேர். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் மாலேயிலும் அதனுடன் சேர்ந்த அயல் தீவுகளிலும் வாழ்கின்றனர். உயர்கல்வி, பெரிய வைத்தியசாலைகள், அரச தொழில்கள் என அனைத்தும் அங்கே குவிந்திருப்பதே இதற்குக் காரணம்.

இடம் போதாமல் போனபோது, தீவைச் சூழ்ந்த ஆழமற்ற கடல் முதலில் நிரப்பப்பட்டது. நிலம் பவளப்பாறையின் விளிம்பு வரை நீண்டது. அலையின் வேகத்தைத் தணித்துவந்த இடைவெளி இல்லாமல் போனது. 1987 ஏப்ரலில் எழுந்த பேரலைகள் நகருக்குள் புகுந்தன. அதன் பின்னரே ஜப்பானின் உதவியுடன் தீவைச் சுற்றிக் கடல் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது.

மாலேயில் இனி நிரப்ப இடமில்லை என்றானதும், விமான நிலையத் தீவுக்கு வடக்கே ஹுல்ஹுமாலே என்ற புதிய தீவை உருவாக்கும் பணி 1997இல் ஆரம்பமானது. கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2 மீற்றர் உயரத்துக்கு நிலம் எழுப்பப்பட்டது. 2004இல் மக்கள் குடியேறினர். 2015இல் இரண்டாம் கட்டமாகத் தீவு மேலும் விரிவுபடுத்தப்பட்டது. அங்கு 7,000 வீடுகளைக் கொண்ட அடுக்குமாடித் தொகுதிகளும் எழுந்தன. 2018இல் சீன உதவியுடன் கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டதும், அதுவரை படகை நம்பியிருந்தவர்கள் வீதி வழியாகவே மாலேக்குச் சென்றுவரத் தொடங்கினர்.

ஆனால் இந்த நிலத்துக்கு ஒரு விலை உண்டு. மணல் அகழும்போது கலங்கும் சேறு பவளப்பாறைகளின் மீது படிந்து அவற்றை அழிக்கிறது. தாழ்வான இத்தீவுகளுக்கு அப்பாறைகளே இயற்கையான அலைதடுப்பு. உயர்ந்துவரும் கடல் மட்டத்தின் முன்னே அந்த இழப்பு சிறியதல்ல.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தலைநகரைச் சுற்றி நிலம் பெருகப் பெருக, தூரத்துத் தீவுகளிலிருந்து மேலும் பலர் அங்கு வருகின்றனர். தரமான வைத்தியசாலையும் கல்லூரியும் தொழிலும் அவர்களது சொந்தத் தீவுகளுக்கு அருகிலேயே கிடைக்காதவரை, எத்தனை தீவுகளை உருவாக்கினாலும் மாலேயின் நெரிசல் தீரப்போவதில்லை.