சிதம்பரத்தில் அடிப்படை மருத்துவ அறிவியல்: ஒரே வளாகத்தில் அமைந்த கல்வியும் ஆராய்ச்சியும் (1985–2021)

ஆய்வுச் சுருக்கம்

சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, அறிவியல் புலத்தையும் மருத்துவப் புலத்தையும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இயங்கியது. இவ்வமைப்பு அடிப்படை மருத்துவ அறிவியல் ஆராய்ச்சிக்கு எவ்வாறு துணைநின்றது, 2021ஆம் ஆண்டு நிருவாக மாற்றம் எதனைத் தீர்த்தது, எதனைத் தீர்க்காமல் விட்டது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்வி, உயிர்வேதியியல், விலங்கு இல்லம், கல்விக் கட்டணம்.

முன்னுரை

உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல், நோயியல், நுண்ணுயிரியல் ஆகியன மருத்துவத்தின் அடிப்படை அறிவியல்கள். இவற்றை மருத்துவ மாணவர் எவ்விடத்தில், யாரிடம் கற்க வேண்டும் என்பது நூற்றாண்டு கடந்த வினா. அமெரிக்க, கனடிய நாடுகளின் 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து ஆபிரகாம் பிளெக்சினர் 1910இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இருத்தல் வேண்டும் என்றும், முதல் ஈராண்டுகள் ஆய்வகம் சார்ந்த அறிவியற் கல்விக்கு உரியன என்றும் வலியுறுத்தியது. இந்தியாவில் 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, கல்வியையும் ஆராய்ச்சியையும் ஒருங்கே நடத்தும் மைய நிறுவனம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1956இல் தில்லியில் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் உருவாயிற்று. இவ்வினாவுக்குத் தமிழகம் அளித்த விடைகளுள் சிதம்பரத்தின் விடை தனித்தன்மை உடையது.

தமிழகத்தின் மூன்று அமைப்புகள்

1835இல் பள்ளியாகத் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரி தொடங்கி, தமிழகத்தின் மருத்துவக் கல்லூரிகள் நெடுங்காலம் பொதுப் பல்கலைக்கழகங்களுடன் இணைவு பெற்றிருந்தன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைக்கப்பெற்று 1988இல் செயற்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அவற்றைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. பாடத்திட்டமும் தேர்வும் ஒருமைப்பட்டன. எனினும் இயற்பியல், வேதியியல், விலங்கியல் முதலிய துறைகளைக் கொண்ட பல்கலைக்கழகத்துடன் மருத்துவக் கல்லூரிக்கு இருந்த முறைப்படியான தொடர்பு அற்றுப்போயிற்று.

மறுபுறம், சென்னைப் பல்கலைக்கழகம் தரமணி வளாகத்தில் ஆ. இலட்சுமணசாமி முதலியார் பெயரால் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனத்தை நடத்தி வருகிறது. அங்கு ஆராய்ச்சி உண்டு, எம்.பி.பி.எஸ். மாணவர் இலர். ஆக, ஓரிடத்தில் மருத்துவ மாணவர் இருக்க, அடிப்படை அறிவியல் ஆய்வு பிறிதோரிடத்தில் நிலைகொண்டது.

சிதம்பரம் இவ்விரண்டிற்கும் விலக்காக அமைந்தது. 1920இல் தோன்றிய மீனாட்சி கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இணைவுக் கல்லூரிகள் இன்றித் தன் வளாகத்திலேயே கற்பிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் திகழ்ந்தது. 1980இல் பல் மருத்துவக் கல்லூரியும், 1985இல் மருத்துவக் கல்லூரியும் அதன் புலங்களாகவே தோன்றின. ஆதலின் 1988ஆம் ஆண்டு மாற்றம் சிதம்பரத்தைத் தொடவில்லை.

விலங்கு இல்லம்: ஒரு சான்று

ஒரே வளாகம் என்பது பெயரளவில் மட்டும் நின்றதா, ஆய்வுப் பணியிலும் வெளிப்பட்டதா? இதற்கு விடை காண ஆண்டறிக்கைகளை விட, ஆய்வுக் கட்டுரைகளின் ‘செய்முறை’ப் பகுதியே நம்பத்தக்க சான்று தருகிறது. அறிவியல் புலத்தின் உயிர்வேதியியல் துறையினர் இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் முதல் பன்னாட்டு இதழ்களில் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு தொடர் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது: ஆய்வுக்குரிய எலிகளும் ஹாம்ஸ்டர்களும் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் மைய விலங்கு இல்லத்தில் பேணப்பட்டன என்பதே அது. விலங்காய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், 160/1999 என்னும் பதிவு எண்ணும் அக்கட்டுரைகளில் குறிக்கப்படுகின்றன.

அவ்வாய்வுகளின் பொருள் வட்டாரத்தின் நோய்களோடும் உணவோடும் நெருங்கியது. வாய்ப்புற்றுநோய் புகையிலை, வெற்றிலைபாக்குப் பழக்கத்தோடு தொடர்புடையது. அதன் தோற்றத்தை அறிய, ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் டி.எம்.பி.ஏ. என்னும் வேதிப்பொருளை வாரம் மூன்றுமுறை 14 வாரங்கள் தடவிப் புற்றுக்கட்டியை உண்டாக்கும் முறை இங்கு விரிவாகக் கையாளப்பட்டது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் ஆவாரம்பூ, வாழைப்பூ ஆகியவற்றின் சாறுகள் ஆராயப்பட்டன. வேதிப் பகுப்பாய்வு அறிவியல் புலத்தில் நிகழ, விலங்கு பேணலும் நெறிமுறை ஒப்புதலும் மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் உள்விவகாரமாக இருந்தமையால் தனி உடன்படிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

இதன் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். இவை பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவரின் விலங்கு நிலை ஆய்வுகளே. எம்.பி.பி.எஸ். மாணவர் இவ்வாய்வகங்களில் பங்கேற்க அருகாமை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பதினெட்டு மாதமாக இருந்த முதற்கட்ட அடிப்படை அறிவியற் கல்வியை ஓராண்டாகக் குறைத்தது. 1979 முதல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திவந்த இரு மாதக் குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டம் போன்றனவே இளநிலை மாணவருக்கு ஆய்வின் வாயிலைத் திறந்தன.

கட்டணமும் மாற்றமும்

இவ்வமைப்புக்கு ஒரு விலையும் இருந்தது. அதனை மாணவர் குடும்பங்கள் கொடுத்தன. நிதி நெருக்கடிக்கு உள்ளான பல்கலைக்கழகத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தமிழக அரசு ஏற்றது. ஆயினும் மருத்துவக் கல்லூரியின் கட்டணம் குறையவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணம் 13,610 ரூபாயாக இருந்த காலத்தில், அரசின் பொறுப்பில் இருந்த சிதம்பரத்தில் அது ஏறத்தாழ 5.44 இலட்சம் ரூபாய். ஏறக்குறைய நாற்பது மடங்கு. இதனை எதிர்த்து 2020 டிசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டம் வாரக்கணக்கில் நீடித்தது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு, கல்லூரியையும் மருத்துவமனையையும் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றிக் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக அறிவித்தது. கட்டணம் அரசுக் கல்லூரிகளுக்கு நிகராக்கப்பட்டது.

மாணவரின் கோரிக்கை நியாயமானது, தீர்வும் தேவையானது. ஆனால் அத்தீர்வு கட்டணத்தை மட்டும் மாற்றவில்லை. பல்கலைக்கழகம் ஒரு துறையின்கீழும் மருத்துவக் கல்லூரி மற்றொரு துறையின்கீழும் சென்றமையால், முன்னர் உள்விவகாரமாக இருந்த விலங்கு இல்லப் பயன்பாடு, கூட்டு நெறியாள்கை, நெறிமுறை ஒப்புதல் ஆகியன இரு நிறுவனங்களுக்கு இடைப்பட்டனவாயின. பிற தமிழகக் கல்லூரிகளுக்கு 1988இல் நேர்ந்த பிரிவு, சிதம்பரத்திற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து நேர்ந்தது எனலாம்.

முடிவுரை

கல்லூரியின் பெயரில் இன்று கடலூர் இடம்பெறினும் அதன் கட்டடங்கள் அண்ணாமலைநகரிலேயே நிற்கின்றன. எனவே இழப்பு இடத்தால் நேர்ந்ததன்று, நிருவாகத்தால் நேர்வது. நிருவாகத்தால் நேர்வதை நிருவாகத்தாலேயே சரிசெய்ய இயலும். இரு துறைகளும் எழுத்து வடிவிலான உடன்படிக்கை ஒன்றின்வழி விலங்கு இல்லம், நெறிமுறைக் குழு, முனைவர் பட்ட நெறியாள்கை ஆகியவற்றைப் பொதுவாக்கலாம். இளநிலை மாணவருக்கு அறிவியல் புலத்தின் ஆய்வகங்களைத் திறந்துவிடலாம். குறைந்த கட்டணத்தில் பயிலும் மாணவரும் ஆராய்ச்சிச் சூழலும் ஒருங்கே அமையும் வாய்ப்பு 1985 முதல் 2021 வரை சிதம்பரத்திற்குக் கிட்டவில்லை. முதலாவது இன்று கிட்டியுள்ளது. இரண்டாவதைக் காப்பதே எஞ்சியுள்ள பணி.