திறந்த பல்கலைக்கழகம் பிறந்த கதை

"தபால்ல படிச்ச டிகிரிதானே?" என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் நம் ஊரில் இன்றும் உண்டு. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன்பே இதைவிட அதிகமான கேலியைச் சந்தித்தது!

1963 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரில் பேசிய தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன், வானொலி, தொலைக்காட்சி, தபால் மூலம் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்றை முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே அவர் பிரதமரானார். திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு ஜென்னி லீ என்ற அமைச்சரிடம் வந்தது. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் அவர். ஏழைகளுக்கென்று தரம் குறைந்த பட்டம் கூடாது, மற்ற பல்கலைக்கழகங்களுக்கு இணையான பட்டமே வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

1969இல் அரச சாசனம் கிடைத்தது. சேர்வதற்கு எந்தப் பள்ளிச் சான்றிதழும் தேவையில்லை. கன்சர்வேடிவ் கட்சியின் இயன் மெக்லியோட் இந்தத் திட்டத்தையே சுத்த உளறல் என்று ஒதுக்கினார். 1970இல் அவரது கட்சி ஆட்சிக்கு வந்தபோது, மூடிவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தது. ஆனால் கல்வி அமைச்சரான மார்கரெட் தாட்சர் அதைக் காப்பாற்றினார். காரணம், வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். பாடநூல், ஒளிபரப்பு ஆகியவற்றைத் தயாரிக்கும் நிலைச் செலவு பெரிது. மாணவர்கள் கூடக் கூட, ஒருவருக்கு ஆகும் செலவு குறைந்துகொண்டே போகும்.

1971 ஜனவரியில் சுமார் 24 ஆயிரம் மாணவர்களுடன் படிப்பு தொடங்கியது. அதே மாதம் நாடு முழுவதும் தபால் ஊழியர் வேலைநிறுத்தம்! மார்ச் வரை நீடித்தது. தபாலை நம்பித் தொடங்கிய பல்கலைக்கழகம், வேறு வழிகளில் பாடங்களை அனுப்பிச் சமாளித்தது. அறிவியல் மாணவர்களின் வீட்டுக்கே சோதனைக் கருவிகள் அடங்கிய பெட்டி போனது. வேலைக்குப் போகிறவர்கள் அதிகாலையிலும் இரவிலும் பி.பி.சி.யில் பாடம் பார்த்தார்கள்.

சேர்வதுதான் எளிது, தேறுவது எளிதல்ல. ஒப்படைப்புகளை எழுதி அனுப்ப வேண்டும். ஆசிரியர் திருத்தி, எங்கே தவறு என்று விளக்கி எழுதுவார். அதன்பின் தேர்வும் உண்டு. இவற்றைக் கடந்த முதல் பட்டதாரிகள் 1973இல் வெளியே வந்தார்கள்.

இந்தியாவிலும் 1982இல் ஆந்திரப் பிரதேசத்தில் முதல் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது.

யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதால் ஒரு பட்டத்தின் மதிப்பு குறைந்துவிடாது. படிக்காமலே தேறலாம் என்ற நிலை வந்தால்தான் குறையும். ஜென்னி லீயின் பிடிவாதத்துக்கு அர்த்தம் அதுதான்.