இருவையும் ஹுளங்கும்: தீவுக்குப் போகும் காலம்

1344ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மதுரையிலிருந்து மாபாரை ஆண்ட சுல்தான் கியாசுதீன் தாமகானிக்கு மாலைத்தீவின்மேல் ஓர் ஆசை பிறந்தது. ஆசையை மூட்டியவர் அவருடைய சகலையாகிய இபின் பதூதா. மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுதீன் அஹ்சன் ஷாவின் புதல்வியரை மணந்த வகையில் இருவருக்கும் அந்த உறவு. தீவுகளில் காஜியாகப் பதவி வகித்து, அரசி கதீஜாவின் அமைச்சரோடு முரண்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கிருந்து புறப்பட்டு, இலங்கை வழியாக நம் கரைக்கு வந்து சேர்ந்திருந்தார் அந்த மொரோக்கோப் பயணி. கப்பல்கள் ஆயத்தமாகட்டும் என்று சுல்தான் ஆணையிட்டார். கடற்படைத் தலைவரோ, இன்னும் மூன்று மாதங்களுக்குத் தீவுகளை நோக்கிப் பயணம் இயலாது என்று சொல்லிவிட்டார். காத்திருந்த காலத்தில் மதுரையில் கொள்ளைநோய் பரவிற்று, சுல்தானும் இறந்துபோனார். படையெடுப்பு நடக்கவே இல்லை.

வெப்பமண்டலத் தீவொன்றுக்குச் செல்ல ஆண்டில் எந்த மாதம் உகந்தது என்னும் கேள்விக்குத் தமிழ் மண்ணில் பதிவான பழைய விடைகளுள் இது ஒன்று. இன்று அதே கேள்விக்குப் பயண நிறுவனங்களின் துண்டறிக்கைகள் ஒரே வரியில் பதில் தருகின்றன: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. கடற்படைத் தலைவரின் பதிலும் துண்டறிக்கையின் பதிலும் ஏறத்தாழ ஒரே மாதங்களையே சுட்டுகின்றன. ஆனால் காரணங்கள் வேறு. அந்த வேறுபாட்டுக்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மாலைத்தீவு வடக்கே 7 பாகையிலிருந்து நிலநடுக்கோட்டைச் சற்றுத் தாண்டித் தெற்குவரை, ஏறத்தாழ 860 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அங்கே குளிரும் வெயிலும் பருவத்தைப் பிரிப்பதில்லை. ஆண்டு முழுவதும் பகலில் 30 பாகையை ஒட்டிய வெப்பமே. பருவத்தைப் பிரிப்பது காற்று. வடகிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றின் காலத்தைத் திவேகி மொழியில் ‘இருவை’ என்கிறார்கள். தென்மேற்கிலிருந்து மழையோடு வரும் காற்றின் காலம் ‘ஹுளங்கு’. முன்னதன் பெயரில் கிழக்குத் திசையும் பின்னதன் பெயரில் மேற்குத் திசையும் உள்ளன. கொண்டல் என்றும் கோடை என்றும் திசையால் காற்றுக்குப் பெயரிட்ட நமக்கு இது புதிதன்று.

அவர்கள் இதோடு நிற்கவில்லை. ஆண்டை இருபத்தேழு ‘நகைய்’களாகப் பகுத்தார்கள். ஒவ்வொன்றும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள். பெயர்களைக் கேட்டால் தமிழ்ப் பஞ்சாங்கம் புரட்டியவர்கள் வியந்துபோவார்கள். அஸ்ஸித, புருணு, கெதி, ரோணு என்று தொடங்கும் அந்த வரிசை நம் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணியேதான். ஞாயிறு எந்த விண்மீனில் நிற்கிறதோ அதன் பெயரே அந்த நாட்களுக்கும். நம் அக்கினி நட்சத்திரமும் கார்த்திகையில் ஞாயிறு நிற்கும் நாட்களை ஒட்டியதே அல்லவா? அங்கே ஏப்ரல் 8ஐ ஒட்டி அஸ்ஸிதவோடு ஹுளங்கு தொடங்கிப் பதினெட்டு நகைய் நீடிக்கும். டிசம்பர் 10ஐ ஒட்டி ‘மூல’ பிறக்கும்போது இருவை தொடங்கும்; அதற்கு ஒன்பது நகைய். நம் சித்திரை முதல் நாளில் ஞாயிறு அசுவினியிலும், மார்கழி முதல் நாளில் மூலத்திலும் புகுகிறது. ஒரு வாரம் முன்பின்னாகப் பார்த்தால், அவர்களுடைய இருவை என்பது நம் மார்கழி முதல் பங்குனி வரை. முழுக்க இசுலாமியராகிவிட்ட ஒரு மக்கள், சந்திரனைப் பின்பற்றும் ஹிஜ்ரி நாட்காட்டியை வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டு, மீன்பிடிக்கவும் பயிரிடவும் கப்பலேறவும் இந்தப் பழைய ஞாயிற்று வரிசையைக் கைவிடாமல் காத்தது நமக்குப் பெருமதிப்பைத் தருகிறது.

கடல்வணிகத்தின் நடையும் இதன்படியே. ஹுளங்குக் காற்றில் மாசியும் கயிறும் சோழியும் ஏற்றிக்கொண்டு கிழக்கே இலங்கைக்கும் வங்கத்துக்கும் போவார்கள். இருவைக் காற்றில் அரிசியோடு திரும்புவார்கள். அந்த மண்ணில் நெல் விளையாது. திரும்பும் காற்று பிந்தினால் பசிதான். இன்று நம் வீடுகளில் மாசிச் சம்பல் உண்பவர்கள், அந்த மாசி எத்தனை காலமாக எந்தக் காற்றில் வந்தது என்று ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். முதலாம் இராசராசன் பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அவை மாலைத்தீவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கல்வெட்டு மாதத்தைக் குறிக்கவில்லை. ஆயினும் சோழர் கலங்கள் வாடைக்காலத்தில்தான் சென்றிருக்கும் என்று நாம் துணியலாம்.

தவறான காலத்தில் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சுவா பிரார்த் சான்று. ‘கொர்பேன்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் 1602 சூலை 2 அன்று, ஹுளங்கின் நடுவில், கொய்தூ பவளத்திட்டில் மோதி உடைந்தது. உயிர் பிழைத்தவருள் ஒருவரான பிரார்த் தீவுகளிலேயே ஐந்தாண்டு சிறைப்பட்டார், மொழியைக் கற்றார், பின்னர் எழுதிய நூலில் அந்த மக்களின் வாழ்வை விரிவாகப் பதிந்தார். அவருக்கு விடுதலை வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1607 பிப்ரவரியில் வங்கத்திலிருந்து வந்த கொள்ளைக் கலங்கள் மாலியைத் தாக்கின. சுல்தான் தப்பியோடும்போது கொல்லப்பட்டார். தெளிந்த வானமும் அமைதியான கடலும் விருந்தினரை மட்டும் அழைத்து வருவதில்லை. தீவு மக்களுக்கு இருவை அரிசி வரும் காலம்; பகைவர் வரும் காலமும் அதுவே.

அன்னியர்கள் இத்தீவுகளை நெடுங்காலம் இன்பத்தோடு இணைத்துப் பார்க்கவில்லை. 1834 முதல் 1836 வரை மோர்ஸ்பியின் தலைமையில் ஆங்கிலேயர் கடலளவை செய்தபோது, மாலியில் தங்கிய அதிகாரிகள் காய்ச்சலில் விழுந்தார்கள். மாலைத்தீவுக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். மலேரியா முற்றாக நீங்கிய நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2015இல்.

காட்சி மாறியது 1972இல். அவ்வாண்டு பிப்ரவரியில் ஜார்ஜ் கொர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் தம் நாட்டவர் சிலரை அழைத்து வந்தார். (1602இல் உடைந்த கப்பலுக்கும் இவருக்கும் ஏறத்தாழ ஒரே பெயர் அமைந்தது வரலாற்றின் விளையாட்டு என்று மட்டும் சொல்லி நகர்வோம்.) அக்டோபரில் முதல் விடுதி திறக்கப்பட்டது. பெயர் ‘குரும்பா’. திவேகியில் அது இளநீர்க்காயைக் குறிக்கும். நம் குரும்பையின் உறவு. 2024இல் வந்து சென்ற பயணிகள் 20 இலட்சத்துக்கும் மேல்; மக்கள்தொகையோ ஐந்து இலட்சத்தை ஒட்டியது.

அந்த இத்தாலியர்கள் பிப்ரவரியில் வந்தது தற்செயல் அன்று. ஐரோப்பாவில் அது கடுங்குளிர். தீவுகளில் ஆண்டிலேயே மழை மிகக் குறைந்த மாதங்களுள் ஒன்று. இந்த இரண்டின் பொருத்தமே ‘சிறந்த பருவம்’ என்று பெயர் பெற்றது. கடற்படைத் தலைவருக்கு அது காற்றின் திசை. துண்டறிக்கைக்கு அது மிலானிலும் மியூனிக்கிலும் விழும் பனி. காற்றை நம்பாத விமானம் வந்த பிறகும் பழைய மாதங்கள் நீடிப்பதற்குக் காரணம் இதுவே.

தீவில் வாழ்பவருக்கு இருவையின் பிற்பகுதி எப்படிப்பட்டது? பவள மணலின் அடியில், உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமும் கூரையிலிருந்து பிடித்த மழைநீரும்தான் வெளித்தீவுகளின் பழைய நீர்வளம். இரண்டையும் நிரப்புவது ஹுளங்கு. மழை நின்று இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும் தொட்டிகள் வறண்டு, தலைநகரிலிருந்து கப்பலில் குடிநீர் அனுப்ப வேண்டிய நிலை பல தீவுகளுக்கு ஆண்டுதோறும் நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, பயணிகள் நிறைந்திருந்த நாட்களில், ஆழிப்பேரலை வந்து கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போனது. அதன் சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 62 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். வறட்சிக் காலக் குடிநீருக்காக 49 தீவுகளை உள்ளடக்கிய திட்டம் ஒன்றுக்கு 2015இல்தான் பசுமைத் தட்பவெப்ப நிதியம் ஒப்புதல் அளித்தது. விடுதிகளுக்கு இந்தக் கவலை இல்லை. கடல்நீரை நன்னீராக்கும் எந்திரங்கள் அவர்களிடம் முன்பே உண்டு. ஒரே மார்ச்சு மாதம், ஒரே கடலில், ஒரு தீவில் நீச்சல் குளமாகவும் அடுத்த தீவில் காலித் தொட்டியாகவும் இருந்தது.

சரி, போக நினைப்பவர் எப்போது போகலாம்? வெயிலும் தெளிந்த நீரும் வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வட, நடுத் தீவுகளுக்கே நன்கு பொருந்தும். நிலநடுக்கோட்டை ஒட்டிய அட்டூவில் இரு பருவங்களின் வேறுபாடு மங்கலானது. தெற்கே ஆண்டு மழையும் வடக்கைவிடக் கூடுதல். கடலுக்குள் உயிர்களைக் காண வேண்டுமென்றால் கணக்கு தலைகீழாகிறது. பிரார்த் கப்பல் உடைந்த கொய்தூ இன்று பா அட்டோல் என்னும் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தது. 2011 முதல் அது யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். அங்கேயுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில், ஹுளங்கின் நீரோட்டம் நுண்ணுயிர் மிதவைகளைத் திரட்டித் தரும் சூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், ஆனைத்திருக்கைகள் கூட்டங்கூட்டமாக உண்ண வருகின்றன. அப்போது விடுதிக் கட்டணமும் இறங்கியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழையை விலக்க வேண்டிய இடையூறாகக் கருதும் பார்வை நமக்கு உரியதுதானா? ‘சீசன் தொடங்கிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் குறிப்பது குற்றாலத்தை; அதாவது இதே தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டிச் சாரலாகத் தெறிக்கும் ஆனி ஆடி மாதங்களை. கத்திரியில் வெந்தவருக்கு வெயில் ஒரு பரிசாகத் தோன்றாது. நம் பிள்ளைகளின் ஏப்ரல், மே விடுமுறை, அங்கே இருவை முடிந்து அஸ்ஸிதவும் புருணுவும் கெதியும் வரிசையாக வரும் காற்றுமாற்றக் காலத்தில் விழுகிறது. கடல் சற்றுக் கலங்கியிருக்கலாம். ஒரு பிற்பகல் முழுவதும் மழை பெய்யலாம். அதே மழையில் அடுத்த தீவின் தொட்டிகள் நிரம்பத் தொடங்கியிருக்கும்.