சேரன்மகாதேவியில் ஒரு பந்தி

வ.வே.சு. ஐயரை நாம் இரு கூறாகப் பிரித்தே நினைவில் வைத்திருக்கிறோம். இலக்கிய வாசகர்க்கு அவர் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். பெல்லாரிச் சிறையில் அமர்ந்து கம்பனை ஆங்கிலத்தில் ஆராய்ந்தவர். அரசியல் வரலாறு பயில்வோர்க்கோ சேரன்மகாதேவி குருகுலச் சர்ச்சையின் நாயகர். அவருள் சிலர்க்கு எதிர்நாயகர். இவ்விரு ஐயர்களையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது பயனுடையது எனத் தோன்றுகிறது.

ஊரோடு ஒத்துப்போக மறுப்பதே மனிதனாக இருப்பதன் முதல் இலக்கணம் என்று 1841இல் எமர்சன் வாதிட்டார். அவர் நண்பர் தோரோ 1846இல் தலைவரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையிருந்தார். அவ்வனுபவத்தில் விளைந்த கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தி படித்தார். இம்மரபின் அளவுகோலால் அளந்தால் ஐயர் எளிதில் தேறிவிடுவார். லண்டனில் சட்டம் பயின்றும் பாரிஸ்டர் பட்டத்தை ஏற்காதவர். 1910இல் போலீஸார் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். பேரரசுக்கு வளையாத முதுகு அது.

அந்த முதுகுக்கு உண்மையான சோதனை தாமிரபரணிக் கரையில்தான் வந்தது. 1922இல் சேரன்மகாதேவியில் தமிழ்க் குருகுலத்தை நிறுவினார் ஐயர். அரசுக் கல்விக்கு மாற்றாக, தாய்மொழியும் உடலுழைப்பும் தேசப்பற்றும் கலந்த கல்வி என்பது நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 கொடுத்தது. பல சாதியாரும் பொருளுதவினர். அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் உணவு தனியே. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வீட்டில் முறையிட்டதால் செய்தி வெளிப்பட்டது என்பது பெரியார் தரப்பினர் சொல்லிவருவது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளர்ந்தெழுந்தனர். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பந்தி வேற்றுமையா என்ற அவர்கள் கேள்விக்கு நேரான விடை யாரிடமும் இல்லை.

பெற்றோர் வேண்டினர், இசைந்துவிட்டோம் என்பதே ஐயர் தரப்பின் சாரம். கடல் கடந்தவர், பாரதியோடு புதுச்சேரியில் பழகியவர், சொந்த வாழ்வில் ஆசாரக்காரர் என நம்ப இடமில்லை. காந்தியும் 1925இல் ஒரு சமரசம் சொன்னார்: அவ்விருவர்க்கும் கொடுத்த வாக்கு நிற்கட்டும், இனி அந்நிபந்தனையோடு எவரையும் சேர்க்க வேண்டாம். நியாயமான யோசனைதான், ஆனால் தனியிலை தொடர்கையில், பக்கத்துப் பந்தியில் அமர்ந்த சிறுவனுக்கு அது என்ன ஆறுதல்?

எமர்சனின் வட்டத்தவரான ஆல்காட் என்ற ஆசிரியர்க்கும் இதே சோதனை வாய்த்தது. 1839இல் பாஸ்டனில் தம் சிறு பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். பெற்றோர் எதிர்த்தனர். அவளை நீக்க மறுத்தார், மற்றவர்கள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயினர், பள்ளி மூடப்பட்டது. ஆல்காட் நடைமுறை அறியாதவர் என்று நகைப்பதுண்டு. அந்த அறியாமையில் ஒரு துளி ஐயரிடம் இருந்திருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றாமலில்லை.

இங்கேதான் அரசமரத்துக் கதை நினைவுக்கு வருகிறது. 1915இல் வெளிவந்த அக்கதையில் நாகராஜன் மனைவி ருக்மிணிக்குத் துரோகம் நினைத்தவனல்லன். பெற்றோர் ஏற்பாடு செய்த இரண்டாம் மணத்துக்கு வெளியே இணங்கி, கடைசி நொடியில் மறுத்துவிடலாம் என்று கணக்கிடுகிறான். உள்ளத்தின் உறுதியை அவள் எப்படி அறிவாள்? குளத்தில் முடிகிறது அவள் வாழ்க்கை. உள்ளே மறுத்து வெளியே இணங்குவதன் விலையை நன்கறிந்து எழுதியவர் ஐயர். குருகுலத்தில் அவ்விலையைக் கணக்கிடத் தவறியது ஏன் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: நிறுவனம் நடத்துபவனுக்கு நாளைக்கும் மாணவர் வேண்டும். தோரோவுக்கு அந்தக் கவலை இல்லை.

மாகாணக் காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாதென்று தீர்மானித்தது. ராஜாஜி முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். 1925 ஜூன் தொடக்கத்தில், அதே தாமிரபரணியின் மேல்பகுதியில், பாபநாசம் அருவியருகே மகள் சுபத்திரையைக் காப்பாற்ற முனைந்து நீரில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அங்கே பிரச்சினை வகுப்புவாரி உரிமை. ஓமந்தூரார் 1947இல் மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டே ஆலயப் பிரவேசச் சட்டம் அவர் ஆட்சியில் நிறைவேறியது.