போலியோவுக்கும் ரோட்டரி சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

அக்டோபர் 24 உலகப் போலியோ நாள். அந்தச் சமயத்தில் ரோட்டரி சங்கத்தினர் சுண்டு விரலில் ஊதா நிறம் பூசி நன்கொடை திரட்டுவதைப் பார்த்திருக்கலாம். விளம்பரத்துக்காகக் கண்டுபிடித்த நிறமில்லை அது. போலியோ முகாம்களில் சொட்டு மருந்து குடித்த பிள்ளையின் விரலில் இப்படித்தான் மை வைப்பார்கள். விடுபட்ட பிள்ளை யாரென்று அப்போது சட்டென்று தெரிந்துவிடும்.

எங்கே தொடங்கியது?

நமக்குப் பக்கத்திலேயே, பிலிப்பீன்ஸில். 1979-இல் அங்குள்ள சுமார் 6 மில்லியன் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கிடைக்க ரோட்டரி உதவியது. 1985-இல் அதை உலகத் திட்டமாக்கியது. 1988-இல் உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்றவை கைகோத்தன. அப்போது ஆண்டுக்குச் சுமார் 350,000 பேர் போலியோவால் முடங்கினர். இன்று இயற்கையான போலியோ கிருமி விடாமல் பரவிவரும் நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்தான்.

காசு எங்கே போகுது?

மருந்துக்கு மட்டுமில்லை. மருந்தைக் குளிர்ச்சியாக எடுத்துப்போகும் பெட்டிகள், கழிவுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள், வீடு வீடாகப் போகும் ஊழியர்கள் என எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ரோட்டரி திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை 2 டாலர் சேர்த்து வந்துள்ளது. அதற்கு ஆண்டு உச்சவரம்பும் உண்டு.

அதான் குறைஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு?

சபாவைக் கேட்டால் தெரியும். 27 ஆண்டுகள் போலியோ இல்லாமல் இருந்த மலேசியாவில், 2019 டிசம்பரில் துவாரானைச் சேர்ந்த 3 மாதக் குழந்தைக்கு அது உறுதியானது. பின்னர் மேலும் மூவருக்கு.

அது தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய கிருமி. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. தடுப்பூசி போடாதவர்கள் அதிகமுள்ள இடத்தில் அது நீண்ட காலம் பரவினால் மறுபடி வலுப்பெறும். அதாவது பிரச்சினை, மருந்து கொடுத்ததால் வருவதைவிட, போதுமான பேருக்குக் கொடுக்காததால் வருவது. சபாவில் கண்ட கிருமியின் மரபணு பிலிப்பீன்ஸில் பரவியதோடு ஒத்திருந்தது. ஆம், ரோட்டரி முதலில் போன அதே நாடுதான்.

மலேசியாவில் போலியோ தடுப்பு 6-இல்-1 தடுப்பூசிக்குள் அடங்கும். 2, 3, 5, 18 மாதங்களில் போட வேண்டும். 18-ஆவது மாத ஊசியை மறந்துவிடும் பெற்றோர் உண்டு. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.